எந்த மாத்திரை கேட்கும்?

"என் பொண்ணு என்ன சோதனைச்சாலை எலியா? ஒண்ணு கேட்கலைன்னா இன்னொண்ணு, அதுவும் கேட்கலைன்னா வேறொண்ணு! இதுக்குத்தான் இவ்வளவு படிச்சீங்களா?"

மனநல மருத்துவரின் மேஜையை அப்பா ஓங்கித் தட்டினார். தண்ணீர் டம்ளர் குதித்தது. வெளியே காத்திருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு 'ஒலிபெருக்கி' என்று பெயர் வைத்து ரொம்ப நாளாகிறது.

ஆனால் அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. மகள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், யார் மேலாவது ஏற்றிவிட்டோமோ என்று பதறிப்போவாள். வேனைத் திருப்பிக்கொண்டு வந்து பார்ப்பாள். யாரும் இருக்கமாட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும், சரியாகப் பார்த்தோமா என்று மறுபடியும் திருப்புவாள். பிள்ளைகள் வகுப்புக்குப் போவதற்குள் முதல் பாடமே முடிந்துவிடும்.

விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் குணமாகாவிட்டால் வேறு ஓட்டுநரைப் போட்டுவிடுவோம் என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் பேசினார். "சார், எண்ணச் சுழற்சி நோய்க்கு, அதான் ஓ.சி.டி.ன்னு சொல்றாங்களே, அதுக்கு மருந்து இருக்கு. ஆனா யாருக்கு எது கேட்கும்னு முன்கூட்டியே சொல்ல முடியலை. ரத்தத்தையோ ஸ்கேனையோ பார்த்துச் சொல்ற அளவுக்கு ஆராய்ச்சி இன்னும் வளரலை. ஒவ்வொரு மாத்திரையும் வேலை செய்யுதான்னு தெரியவே ரெண்டு மூணு மாசம் ஆகும்."

"அப்போ குருட்டாம்போக்குல கொடுக்கறீங்க!"

"ஒரு துப்பு இருக்கு சார். ரத்த சொந்தத்துல யாருக்காவது இதே நோய் வந்து, ஏதாவது ஒரு மாத்திரை கேட்டிருந்தா, அதை முதல்ல கொடுத்துப் பார்ப்போம். உத்தரவாதம் கிடையாது. ஆனா வாய்ப்பு அதிகம். அதைத்தான் முதல் நாளே உங்ககிட்ட கேட்டேன்."

"நானும் முதல் நாளே சொன்னேனே! எங்க வம்சத்துல எல்லாருக்கும் தலை நல்லாத்தான் இருக்கு. பைத்தியக்கார ரத்தம் எங்களோடது இல்லை. வேணும்னா என் பொண்டாட்டி பொறந்த வீட்டைப் பத்திக் கேளுங்க!"

அவருக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த அம்மா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க சார். உங்க பொண்ணு பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க."

"கேட்கட்டும்! மனசை அடக்கத் தெரியலை இவளுக்கு. நானெல்லாம் இந்த வயசுல குடும்பத்தையே தாங்கினேன். ஒரு நாளாவது இப்படிப் புலம்பியிருப்பேனா?"

"போதும்ப்பா." மகள் குறுக்கிட்டாள். "விட்டுடுங்க டாக்டர். இன்னொரு மாத்திரை, இன்னொரு மூணு மாசம்... என்னால முடியாது. நாளைக்கே போய் வேன் சாவியைக் கொடுத்துடறேன். அப்பா சொல்ற மாதிரி என் மனசுதான் கோணல் போல. அதுக்கு மருந்து என்ன பண்ணும்?"

அழக்கூடாது என்று பார்த்தாள். முடியவில்லை. வேன் ஓட்டுவதைத் தவிர வேறெதற்கும் அவள் ஆசைப்பட்டதே கிடையாது.

"பார்த்தீங்களா? என் பொண்ணு பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்க! உங்க மேல புகார் கொடுக்காம விடமாட்டேன்!"

அப்பா மறுபடியும் மேஜையைத் தட்டக் கையை ஓங்கினார்.

அந்தக் கையை அம்மா பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டு, பாதி காலியான ஒரு மாத்திரை அட்டையை எடுத்து டாக்டரம்மா முன்னால் வைத்தாள்.

"ஏய், என்ன பண்றே?" ஒலிபெருக்கியின் குரல் முதல்முறையாகத் தொண்டைக்குள்ளேயே நின்றது.

"கல்யாணமான புதுசுல, வீட்டைப் பூட்டினோமான்னு பார்க்க இவர் பாதி வழியிலேர்ந்து திரும்பித் திரும்பி வருவார் டாக்டர். இதைச் சாப்பிட ஆரம்பிச்சப்புறம்தான் நின்னுச்சு. வெளியே மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்," என்றாள் அம்மா. "அப்பாவுக்குக் கேட்ட மாத்திரை பொண்ணுக்கும் கேட்குமா?"