மழைப் பெட்டிக்கு ஓர் இடம்

குழி தோண்ட ஓங்கிய அலவாங்கை ஆண்டியப்பன் நிலத்தில் இறக்கவில்லை. மெதுவாகத் தோளில் சாய்த்துக்கொண்டு, "சேர், நிண்ட இடத்திலயே நில்லுங்கோ" என்றான்.

நிரஞ்சன் நின்றான். நாலடி தள்ளி, ஈச்சம் பற்றை ஓரமாக, தலையில் சிவப்பு மை பூசிய கட்டைகள் வரிசையாக நின்றன. நடுக் கட்டைக்குப் பக்கத்தில் மண்டையோடு போட்ட பலகை.

"மிதிவெடியோ?"

"பலகை அப்பிடித்தான் சொல்லுது."

பிக்கப்பின் பின்னால் மழைப் பெட்டி கிடந்தது. மழையையும் காற்றையும் அளந்து பதிகிற கருவி வெளியில் நின்று கெட்டுப்போகாமல் இருக்க, அதை உள்ளே வைத்துப் பூட்டுகிற சாம்பல் நிறப் பெட்டி. ஒரு கம்பம், கம்பத்தில் பெட்டி, சுற்றிவர இருபதடிக்கு முள்ளுக்கம்பி வேலி. ஸ்கந்தபுரத்தில் அதற்கு இடம் குறித்தவன் நிரஞ்சன், கந்தோர் மேசையில் இருந்தபடியே மப்பின் வரைபடக் கோடுகளைப் பார்த்து.

"மப்பில சிவப்புக் கட்டை விழாதோ சேர்?" என்று சாரதி அஸ்மின் வாகனத்துக்குள் இருந்தே கேட்டான்.

"நீர் இறங்கி முன்னால நடவும். நாங்கள் பின்னால வாறம்."

அஸ்மின் இறங்கவில்லை.

கிணற்றடியிலிருந்து அழகம்மா ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இனக்கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர்களில் அவளும் ஒருத்தி. காணிக்கு இன்னும் அரசாங்கத்தின் பெமிற் பத்திரம் இல்லை. வேலி வந்தால் அவளுடைய கிணறு வேலிக்குள்ளே போகும் என்பது, காலையில் வீதிப் பக்கமாக நின்று அளவுநாடாவை இழுத்தபோதே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"அரச காணிதானே அம்மா, அதுதான் ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை" என்றான் நிரஞ்சன். "கிணத்துக்குப் பிறகு ஒரு வழி பாப்பம்."

"அதுக்கென்ன தம்பி. பெட்டி வந்தா ஊருக்கு நல்லதுதானே." அவள் குரலில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. "ஆனா அங்கால கால் வைக்காதேங்கோ. போன வருசம் வேலி போட வந்தவையும் பாத்திட்டுத் திரும்பிப் போனவை."

ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு சிவப்புக் கட்டைகளின் பக்கமே போகப் பார்த்தது. "சனியனே, நில்லு" என்று அவள் இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்தாள்.

நிரஞ்சன் நேரத்தைப் பார்த்தான். இன்றைக்குள் பெட்டி ஏறியாக வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணை, நீங்கள் முந்தி மிதிவெடி எடுக்கிற வேலை செய்தனீங்களெல்லே? ஒருக்காப் பாருங்கோ. எடுத்து முடிச்சிட்டுப் பலகையை மறந்துபோய் விட்டிருந்தினமெண்டால், பிடுங்கி எறிஞ்சுபோட்டுக் குழியை வெட்டுவம்."

ஆண்டியப்பன் அலவாங்கைக் கீழே வைத்தான். அந்த வேலையில் வருசக்கணக்காக முழங்காலில் நின்றவன். அது முடிந்தபிறகு கூலிக்குக் குழி வெட்டுகிறான். அவனுடைய காணிக்குள்ளும் ஒருநாள் இப்படி ஒரு கம்பம் வந்தது, பிறகு வேலி வந்தது, பிறகு அது அவனுடைய காணி இல்லை. அந்தக் குழியை வெட்டியதும் அவன்தான். ஒருநாள் சம்பளம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டான்.

கட்டைகளடிக்கு ஒவ்வோர் அடியாகப் போய் முழங்காலில் நின்று, புல்லை விரலால் விலக்கினான். நடுக் கட்டையையே கொஞ்ச நேரம் பார்த்தான். அழகம்மா ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

எழும்பியவன், போன அடியிலேயே அடி வைத்துத் திரும்பி வந்தான்.

"என்ன அண்ணை?"

"இன்னும் எடுக்காத இடம் சேர். கிட்டப் போகக்கூடாது."

"நிச்சயமாத் தெரியுமோ?"

"ஐமிச்சமெண்டால் நீங்களே ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

நிரஞ்சன் போகவில்லை. போனை எடுத்து மேலிடத்தோடு நெடுநேரம் கதைத்தான். பிறகு வீதிக்கு மறுபக்கம், வாசிகசாலை வளவைப் பார்த்தான்.

"மழையெண்டால் வீதிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே மழைதானே சேர்" என்றான் அஸ்மின்.

"ஓம். அதைத்தான் இப்ப அவையளுக்கும் சொன்னனான்."

பின்னேரத்துக்குள் வாசிகசாலை வளவில் கம்பம் நின்றது. ஆண்டியப்பன் பெட்டியை ஏற்றி முறுக்கினான். வயர் போகிற துளைகளுக்குச் சிலிக்கன் பூசிக் காயவிட்டான். உள்ளே ஒரு கடதாசியை வைத்து, மூடியின் றப்பரை அமர்த்திப் பூட்டினான். இனி மேலே ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, கடதாசி நனைந்திருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். அதோடு வேலை முடிந்தது.

வாளியை எடுத்துக்கொண்டு அழகம்மாவின் கிணற்றுக்குப் போனான். அவளே அள்ளி ஊற்றினாள். ஆடு பக்கத்தில் நின்று ஈரப் புல்லைக் கரம்பிக்கொண்டிருந்தது.

நிரஞ்சன் எங்கே நிற்கிறான் என்று ஆண்டியப்பன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு வாளியைத் தூக்கியபடி, தன் தாய் வீட்டில் பேசிய மலைநாட்டுப் பேச்சில், மெல்லச் சொன்னான்:

"அக்கா, இனிமே ஆட்டை அந்த நடுக் கட்டையில கட்டாதீங்க, கயித்துத் தடம் நல்லாத் தெரியுது."