கணக்கில் சேராத பதில்கள்

அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் தையல் பெண்களின் தோள்வலிக்கு இரண்டு விதமான பயிற்சிகள் கொடுத்து, எது நல்ல பலன் தருகிறது என்று ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. பலனை அளந்து எழுதுவது பிசியோதெரபிஸ்ட் தரணீதரனின் வேலை.

கடைசியாக உள்ளே வந்த இந்துமதி அவனைப் பார்த்ததும் வாசலிலேயே தயங்கினாள்.

"வாங்க, உக்காருங்க. கையை மேல தூக்குங்க."

தூக்கினாள். தோளுக்கு மேல் ஏறவில்லை.

"ராத்திரி வலிக்குதுங்களா?"

"அந்தப் பக்கமாப் படுத்தா வலிக்குதுங்க."

"தலை வாரிக்க முடியுதுங்களா?"

"முடியறதில்லீங்க. அதான் முடியை வெட்டிட்டேன்."

அவன் பேனா சற்று நின்றது. "ஊட்டுல ஒத்தாசைக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லீங்க."

"நேரத்துக்குச் சாப்பிடறீங்களா?"

"அதுவும் உங்க கேள்வியில இருக்குதுங்களா?"

தரணீதரன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "இது எதுவும் கணக்குல சேராதுங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வந்து உங்களைக் கேப்பாங்க."

"அப்ப எதுக்குங்க இத்தனையும் கேட்டீங்க?"

"சொந்தக்காரங்களை நாங்க அளக்கக் கூடாதுன்னு விதிங்க" என்று மட்டும் சொன்னான்.

இந்துமதி எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"கோர்ட்டுல நம்மளைப் பிரிச்சு ரெண்டு வருசமாச்சு. இன்னும் சொந்தமாங்க?"

"இல்லைன்னு எழுத மனசு வரலை, இந்து."