மெதுவாத்தான் வரும்

"அய்யாவு போட்டோ உங்ககிட்ட இருக்குமே? கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் ஒண்ணு வேணும்," என்றான் வெள்ளைச்சட்டைக்காரன்.

ஒரத்தநாட்டில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்த தனபாக்கியத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பண்ணை வீட்டோட குத்தகைக் கேஸ் நடத்துறாரே, அவரா? என்னாச்சுங்க?"

"மோட்டார் கொட்டகையில கரண்ட் அடிச்சிருச்சு. இன்னைய தேதியே போடுங்க."

தேடினாள். ஒரு வருஷமாக யாரும் திறக்காத படங்களைக் கம்ப்யூட்டர் தானாகவே பழைய டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். அங்கிருந்து ஒன்றை எடுப்பதென்றால் மாட்டுவண்டிப் பயணம்தான்.

"மெதுவாத்தான் வரும்."

அவன் சலித்துக்கொண்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போனான்.

திரையில் நெற்றி வந்தது. மீசை வந்தது. பாவம், யார் வம்புக்கும் போகாத மனுஷன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டைப் பொத்தான் வரை முழுப் படமும் வந்து நின்றபோது வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

அய்யாவு நின்றிருந்தார்.

"முன்னாடி இங்க எடுத்த போட்டோவுல ரெண்டு காப்பி போட்டுத் தாம்மா. கேஸைப் பேசி முடிச்சுக்கலாம்னு பண்ணை வீட்டுல கூப்பிட்டிருக்காங்க. பத்திரத்துல ஒட்டணுமாம். சாயங்காலம் மோட்டார் கொட்டகைக்கு வரச் சொன்னாங்க."

எதிர்க்கடையில் வெள்ளைச்சட்டைக்காரன் கிளாஸை வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்த்தான்.

அவள் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள்.

"உள்ள வந்து உட்காருங்கண்ணே," என்றாள். "பழைய போட்டோ. மெதுவாத்தான் வரும்."