பத்தொன்பதாம் நாள் பனி

தட்டு காலியாக இருந்தது.

இவாசே அதன் முன் குந்தியிருந்தார். கையில் பூதக்கண்ணாடி. குளிரறையில் அவர் மூச்சு புகையாக வந்தது.

காஜா பேராங் ஐஸ் ஆலையைப் பார்த்துக்கொள்ள ஜப்பான்காரர்கள் அனுப்பிய அதிகாரி அவர். போருக்கு முன் தன் ஊரில் வெண்பனியை ஆராய்ந்தவர். மலாக்காவில் பனிக்கு எங்கே போவது? குளிர்க்குழாய்களில் படியும் உறைபனியைச் சுரண்டித் தகரத் தட்டில் போட்டு, குளிரறை மூலையிலேயே வைத்து, தினமும் பார்த்து வரைந்தார்.

விழுந்த பனி சும்மா கிடப்பதில்லை என்பார். விழும்போது ஆறு கைகள். உருகாமலேயே முனைகள் மழுங்கும். உருண்டையாகிப் பக்கத்துத் துகளோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எது எதுவென்று பிரிக்க முடியாது.

பதினெட்டு நாள் படங்கள் நோட்டில் இருந்தன.

ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். போனவர்கள் திரும்பவில்லை. இவாசே கையெழுத்திட்ட வேலைச் சீட்டு இருந்தால் தொடமாட்டார்கள். என்னிடம் ஒன்று இருந்தது. என் தம்பி தேவதாஸ் ஆலையில் சேர்ந்து நான்கு நாள்தான். அவன் சீட்டு இவாசேயின் சட்டைப்பையில், கையெழுத்தில்லாமல் இருந்தது.

"யார் கொட்டியது?" என்று மலாயில் மெதுவாகக் கேட்டார்.

புதியவன் செய்தது என்றால் மன்னித்துவிடுவார் என்று நினைத்தேன். பழைய ஆளை மன்னிக்க மாட்டார்.

"தம்பி புதுசு, துவான். குப்பைனு நெனச்சிட்டான். ஐஸ்னா கச்சாங் பயறு போட்டுத் திங்கத்தான் தெரியும் இவனுக்கு."

இவாசே சிரிக்கவில்லை. தேவதாஸைப் பார்த்தார்.

தேவதாஸ் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்து, "ஆமா துவான், நான்தான்" என்றான்.

இவாசே திட்டவில்லை. நோட்டில் பதினெட்டாம் படத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் கிழித்தார்.

வெள்ளிக்கிழமை ஆள் பிடிக்கும் லாரி வந்தது. தேவதாஸ் மறுபேச்சில்லாமல் ஏறினான்.

தட்டு காலியான அன்று காலை குளிரறையைத் திறந்தவன் நான். பதினோரு வருடமாகச் சுரண்டிய பனியை வெளியே கொட்டிப் பழகிய கை. தட்டை வெயிலில் கவிழ்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. குனிந்து அள்ளினேன். விரலிடுக்கில் தண்ணீர்தான் வந்தது.

வாசலில் தேவதாஸ் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.