வியூகப் புத்தகத்தோடு வா

"லானி, கோச் கூப்பிடுறார். வியூகப் புத்தகத்தையும் எடுத்துட்டு வரணுமாம்," என்றான் கோச்சின் உதவியாளன்.

டென்வரில் தொடங்கி டாம்பா வரை எட்டு அமெரிக்கக் கால்பந்து அணிகள் கழற்றிவிட்ட லானிக்கு, அணியின் ஆட்ட உத்திகள் அடங்கிய புத்தகத்தோடு கூப்பிட்டால், அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள், வேலை போச்சு என்பது அத்துப்படி. மனைவிக்குப் போன் போட்டான்.

"டார்லா, பாத்திரத்தை எல்லாம் பெட்டியில போடு."

"வெளிய எடுத்தாத்தானே போடுறதுக்கு? வெளிய இருக்குறது ஒரே ஒரு வாணலிதான்!"

'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று தினமும் முழங்கும் கோச் ஹாஸ்கெல், லானி அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினார்.

"சட்டுனு சொல்லிடுங்க கோச். எனக்குப் பழக்கம்தான்."

"எனக்குப் பழக்கமில்லையேப்பா! அணி முதலாளி காலையில என்னை வேலையை விட்டுத் தூக்கிட்டார். ஒரே நாள்ல வீட்டைக் காலி பண்ணித் தர்ற லாரிக்காரன் யாராவது இருக்கானா?"

லானி நம்பரைக் கொடுத்தான். "அப்ப இந்தப் புத்தகம் எதுக்கு கோச்?"

"நீ புத்தகத்தோட வந்தாத்தானே, போறது நீன்னு பசங்க நினைப்பாங்க? வெறுங்கையோட வந்தா, நான்தான்னு தெரிஞ்சிடுமே!"