முந்திப் பார்த்தவர்

டுவேன் செய்திருப்பது பச்சைத் துரோகம். கொரினுக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொரின் வீட்டு சோபாவில் மூன்று பேரும் சேர்ந்துதான் அந்த போலீஸ் தொடரைப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு பகுதி. யாரும் தனியாக முந்திப் பார்க்கக் கூடாது. டுலூத் நகரத்தில் பனி கொட்ட ஆரம்பித்தபோது பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் இது. பக்கத்து வீட்டு டுவேனும் அவர் மனைவி மார்லிஸும் அன்றைக்கு நன்றாகத்தான் தலையாட்டினார்கள். அவர்களை நம்பித் தன் ஓடிடி சந்தாவின் பாஸ்வேர்டைக்கூடக் கொடுத்து வைத்திருந்தாள் கொரின்.

இன்று டிவியைப் போட்டதும் அந்தச் சந்தாவில் டுவேன் பெயருக்குக் கீழே இருந்த பட்டியலைத் தற்செயலாகப் பார்த்தாள். கடைசிப் பகுதி வரை பார்த்து முடித்தாயிற்று. மூன்று பேரும் சேர்ந்து பார்த்தது இன்னும் பாதிதான்.

அதுவும் யார்? வாயைத் திறந்தால் புதுத் தொடர்களைத் திட்டித் தீர்க்கிற மனிதர்.

பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்ததும் இன்றும் ஆரம்பித்துவிட்டார்.

"இப்ப எடுக்கறதெல்லாம் ஒரு தொடரா, கொரின்? யார் எப்ப சாவாங்கன்னே தெரியாது. அந்தக் காலத்துல பாரு, டாக்டர் வருவார், பையன் பொழைச்சுக்குவான், எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவாங்க. முடிஞ்சுது."

"அதுல என்ன இருக்கு? அட்டைச் சுவரு, அழுக்கே ஆகாத சட்டை. ஆரம்பிக்கும்போதே முடிவு தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா நல்லதுதானே."

"அப்ப புதுசு உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது?"

"கண்ணுல காட்டாதே."

ஊருக்கு உபதேசம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள் கொரின். மார்லிஸ் கொண்டுவந்த எலுமிச்சை கேக்கை வெட்டி ஆளுக்கொரு துண்டு வைத்தாள். டுவேனுக்குச் சின்னத் துண்டு.

அவரிடம் அவளுக்குப் பிடிக்காத இன்னொரு பழக்கமும் உண்டு. கதை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து மனைவிக்கு ஏதாவது வேலை வைப்பார். அந்த மார்லிஸும் வாய் பேசாமல் எழுந்து போய்விடுவாள். இந்தக் காலத்தில் இப்படியும் ஒருத்தியா என்று கொரினுக்கு ஆத்திரமாக வரும்.

இன்றும் அதேதான். திருடனைத் துரத்திக்கொண்டு போலீஸ் வண்டி உறைந்த ஏரிக்கரைக்கு வந்து நின்றது.

"மார்லிஸ், ஒரு காபி போட்டுக் கொண்டு வாயேன்," என்றார் டுவேன்.

மார்லிஸ் எழுந்து போனாள்.

"நிறுத்தி வைக்கறேன். பாவம், அவளும் வந்து பார்க்கட்டும்."

கொரின் ரிமோட்டை எடுப்பதற்குள் டுவேன் அதன் மேல் கையை வைத்துவிட்டார். "வேண்டாம். ஓடட்டும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீடு, என் டிவி, இவர் யார் சொல்ல? இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நேரே சமையலறைக்குப் போனாள்.

அங்கே குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே பாத்திரம் எதுவும் இல்லை. மார்லிஸ் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"காபி எங்கே?"

"போடல. சாயங்காலம் காபி குடிச்சா அவருக்கு நெஞ்செரிச்சல்."

"அப்புறம் எதுக்கு உன்னை விரட்டறார்? நல்ல கட்டம் வந்தா போதும், உன்னை எழுப்பி விட்டுடறார். இன்னொண்ணு கேளு. உன் புருஷன் நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டார். மொத்தத்தையும் தனியா பார்த்து முடிச்சிருக்கார்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே?"

தண்ணீர்ச் சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்ததால் கொரின் குழாயை மூடினாள். கூடத்திலிருந்து டிவி தெளிவாகக் கேட்டது. ஐஸ் விரிசல் விடுகிற சத்தம். யாரோ ஒரு பையன் தண்ணீருக்குள்ளிருந்து கத்துகிறான்.

மார்லிஸ் சட்டென்று கை நீட்டிக் குழாயைத் திறந்தாள்.

"ஏரி ஐஸ் மேல மீன் பிடிக்கப் போனான் எங்க பையன் டெரிக்," என்றாள். "மார்ச் மாசம், ஐஸ் இளகியிருந்துது. நீ இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடி. இங்க எல்லாருக்கும் தெரியும், யாரும் பேச மாட்டாங்க."

கொரின் குழாயை இன்னும் முழுசாகத் திறந்துவிட்டாள்.

"அதுலேர்ந்து அவருக்குப் பழைய தொடர்தான். அதுல யாரும் முழுக மாட்டாங்க. ஆனா ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வந்தாத்தான் நான் கொஞ்சம் சிரிக்கறேன்னு ஒரு நாள் சொல்லிட்டேன். அப்புறம்தான் முந்திப் பார்க்க ஆரம்பிச்சார். எந்த இடத்துல பையனுக்கு ஆபத்து வருதுன்னு பார்த்து வச்சுக்கறார். நாங்க இதைப் பத்திப் பேசிக்கிட்டதே இல்ல. அவர் கூப்பிட்டு ஏதாவது சொன்னா நான் எழுந்து வந்துடுவேன்."

"நான் நிறுத்தறேன்னதுக்கு வேண்டாம்னாரே?"

"நிறுத்தினா, நான் வந்ததும் அங்கேருந்துதானே ஓடும்? அந்தக் கட்டத்தைத் தள்ளி விட்டா உனக்குக் கதை போயிடும். அதான், ஓடட்டும்னு உட்கார்ந்திருக்கார்."

கொரின் கூடத்தை எட்டிப் பார்த்தாள். டுவேன் இரண்டு கைகளாலும் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னால ஒரு தடவைகூடப் பார்க்க முடியல, கொரின்," என்றாள் மார்லிஸ். "அவர் ரெண்டு தடவை பார்க்கறார்."