டிராகன் வாசலைத் தாண்டும் கெண்டை

சீன நகரம் ஒன்றில் கல்யாண விருந்துக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. ஜன்னலோரத் தொட்டியில் ஒரு கெண்டை மீனும், கால்களைக் கயிற்றால் கட்டிப்போட்ட ஒரு நண்டும் கிடந்தன. ஜன்னலுக்கு நேர் கீழே கால்வாய் ஓடியது.

கெண்டைக்கு நிலைகொள்ளவில்லை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

“எங்கள் பாட்டனார் ஒருவர் அருவியை எதிர்த்துத் தாவி, உச்சியில் இருந்த வாசலைத் தாண்டி டிராகனாகிவிட்டாராம். அதனால்தான் விருந்தில் எங்களுக்கு மரியாதை. பெரிய விருந்தாளியைப் பார்த்தபடிதான் எங்கள் தலையை வைப்பார்கள்.”

“எங்கே வைப்பார்கள், தட்டிலா?” என்றது நண்டு.

கெண்டை இன்னும் வேகமாகச் சுற்றியது.

“உன்னை யாரும் கட்டவில்லையே” என்றது நண்டு. “ ஒரு தாவு தாவினால் கால்வாய். என்னால் முடிந்திருந்தால் எப்போதோ போயிருப்பேன்.”

கெண்டை தலையை நீட்டிப் பார்த்தது. கலங்கிய தண்ணீரில் முட்டைக்கோஸ் இலைகள் மிதந்தன.

“இந்தச் சாக்கடைக்கா? எங்கள் குலத்தில் யாரும் கீழ்நோக்கித் தாவியதில்லை.”

சொல்லிவிட்டதே தவிர, அதனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் வந்தது, திரும்பியது, மறுபடி வந்தது. அதற்குள் சமையல்காரர் லியாங்கின் கை தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

அவர் அதை எண்ணெயில் பொரித்து, தலையும் வாலும் மேலே வளைந்து நிற்க, ‘டிராகன் வாசலைத் தாண்டும் கெண்டை’ என்று பெயர் சொல்லி மேசைக்கு அனுப்பினார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன உயிரோட்டம், பாருங்கள். இதோ தாவிவிடும் போலிருக்கிறது” என்றார்.